இடது சப்பாத்து

நோர்பரியில் வசந்தமலரின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் லாக்லன், ஆஸ்திரேலியப் படையில் இருந்தவன். ஆப்கானிஸ்தானில் குண்டு வெடித்து இடது கால் போய்விட்டது. சக்கர நாற்காலி வேண்டாமென்று ஊன்றுகோலோடுதான் படியேறுவான். "என் காலை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை" என்பான்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது வசந்தமலரின் சட்டம். அவன் தினமும் ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றி வைப்பான்.

இன்று மத்தியானம் அவன் மேலே தூங்கிக்கொண்டிருந்தான். அவள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். வாசற்கதவு திறந்தது. ஆளில்லை. ஈரத் தரையில் சப்பாத்துத் தடங்கள் விழுந்தன. எல்லாமே இடது கால்.

வசந்தமலர் வழிவிடவில்லை. "ஆராயிருந்தாலும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

தடங்கள் வாசலுக்குத் திரும்பின. லாக்லனின் வலது சப்பாத்துக்குப் பக்கத்தில், மணல் படிந்த இடது சப்பாத்து ஒன்று வந்திருந்தது. பிறகு படிக்குப் படி, ஒரு வெறுங்காலின் ஈரத் தடம் மேலே ஏறிப்போனது.