தட்டிக் கொடுக்கும் கை

ரப்பர் விரல்கள் கொண்ட ரோபோ கை, பழுத்த தக்காளிகளை நோகாமல் தூக்கிப் பெட்டியில் படுக்க வைத்தது.

"ஒண்ணுகூட நசுங்கல. ஆனா வெச்சதும் எதுக்கு மெல்லத் தட்டுது?" என்றார் தொழிற்சாலை மேலாளர்.

அவர் சம்மதித்தால்தான் அந்தக் கையை உருவாக்கிய, முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளனின் ஒப்பந்தம் நீளும்.

"உருளாம இருக்கத்தான் சார்."

"உருளாததையும் தட்டுதே! யாரு பழக்கினது?"

"நான்தான். சென்சார் கையுறை மாட்டிக்கிட்டு நான் செய்றத அது அப்படியே கத்துக்கும்."

"வீட்ல கைக்குழந்தையா?"

ஆய்வாளன் தலைகுனிந்தான். "தூங்க வெச்சுத் தூங்க வெச்சு, கை அப்படியே பழகிடுச்சு சார். அந்தத் தட்டுறத எடுத்துடறேன்."

"அதுல கைய வெக்காதீங்க. மூணு அனுப்புங்க."

"இங்க ஒண்ணு போதுமே சார்?"

"இங்க ஒண்ணுதான்," என்றார் மேலாளர், கொட்டாவியை அடக்கியபடி. "மத்த ரெண்டும் என் வீட்டுக்கு. ரெட்டைப் பிள்ளைங்க."