விரிசலை அளந்த அணில்

குன்றின் மேல் ஒரு பழைய காற்றாலை நின்றது. அது எந்த மழையில் விழுமோ என்று அணிலுக்கு ஒரே கவலை. விழுவதற்குள் அதைப் போலவே சின்னதாக ஒன்று செய்துவிட நினைத்தது. தினமும் காலையில் போய் வாலால் சுவரை அளக்கும். பிறகு மரத்தடிக்குத் திரும்பி, களிமண்ணால் சுவரும் குச்சிகளால் இறக்கைகளும் செய்யும்.

வேலை முடியும் நாளில் சிட்டுக்குருவி பார்க்க வந்தது. காற்றாலையின் உச்சிப் பொந்தில்தான் அதன் கூடு. அதில் இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள்.

“அப்படியே இருக்குதண்ணே. சுவத்துல இது என்ன கோடு?”

“விரிசல், தங்கச்சி. முந்தாநாள் என் நகம்கூட நுழையலை. இன்னைக்குக் கையே நுழைஞ்சுது. அதான் இதையும் தினமும் அகலப்படுத்துறேன்.”

குருவி அந்தக் கோட்டின் வழியே மேலே பார்த்தது. அது பொந்துக்கு நேர் கீழே முடிந்தது.

“மூணு நாளா தெரியுமா? எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“அளவு தப்பிடுமோன்னே பயந்துக்கிட்டிருந்தேன்,” என்றது அணில்.

இரண்டும் குன்றுக்கு விரைந்தன. சுவரில் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. அணில் ஏறி, குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கொண்டுவந்தது. இரண்டாவது குஞ்சோடு புதரை எட்டியபோது பின்னால் சுவர் சரிந்தது.

அதன்பின் காட்டிலுள்ள எல்லோரும் சின்னக் காற்றாலையைப் பார்க்க வந்தார்கள். ஓர் அளவுகூடத் தப்பவில்லை என்று வியந்தார்கள். அணில் தலையாட்டிக்கொண்டே வானத்தைப் பார்த்தபடி இருந்தது.

குருவி மட்டும் வரவில்லை.