சீதாலெட்சுமியின் சம்பளம்

“மாசம் ஒரு லட்சத்து நாப்பதாயிரம் சம்பளம் வாங்குற அளவுக்கு, உங்க மனைவி கடையில அப்படி என்னதான் வேலை பார்க்குறாங்க?”

வரி அதிகாரி தனுஷிகா கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

கொட்டகலை கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஆண்டியப்பன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். இதற்குச் சரியான பதில் சொல்லாவிட்டால் ஒரு வருடத்து வரியும் அபராதமும் சேர்ந்து வந்து விழும். சரக்கு ஏற்றும் வேனை விற்றுத்தான் கட்ட வேண்டும்.

யோசனை அவருடையது இல்லை, பாவம். ஹட்டனில் கணக்கு எழுதும் ஜீவராஜ் சொன்னது.

“அண்ணிக்குச் சம்பளம்னு ஒரு தொகைய எழுதுங்கண்ணே. உங்க லாபம் கொறைஞ்சிரும், வரியும் கொறைஞ்சிரும். குடுக்கவா சொல்றேன்? எழுதத்தானே சொல்றேன்!”

பன்னிரண்டு மாதத்துச் சம்பளச் சீட்டையும் ஒரே மூச்சில் அடித்துக் கொடுத்தவனும் அவன்தான்.

ஆண்டியப்பன் பேச ஆரம்பித்தார்.

விடியற்காலை நாலரைக்குப் பேக்கரியிலிருந்து பாண் வேன் வரும். அந்தக் குளிரில் எழுந்து கதவைத் திறக்க வேண்டும். மழைக்காலத்தில் சீனி மூட்டையைச் சுவரை விட்டுத் தள்ளி வைக்காவிட்டால் கசிந்துவிடும். கொழும்பு லொறிக்காரனிடம் சிங்களத்திலேயே சண்டை போட்டு, சிங்களத்திலேயே சமாதானமும் ஆக வேண்டும். தேயிலைத் தோட்டத்துச் சம்பள நாளில் முப்பது பேர் ஒன்றாக நிற்பார்கள். ஒருத்தர் மனமும் நோகாமல் நிறுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு நடுவில் அடுப்பில் சோறு.

சொல்லச் சொல்ல அவருக்குக் குரல் கம்மியது.

“ரெண்டு மணிக்குக் காலு மரத்துப்போயிரும் மிஸ். செத்த உக்காரலாம்னு பார்த்தா, அப்பத்தான் ஒரு ஆளு வந்து அம்பது ரூபாய்க்கு மஞ்சத்தூளு கேப்பான். நியாயமாப் பார்த்தா இந்தச் சம்பளம் பத்தாது மிஸ்!”

தனுஷிகா பேனாவைக் கீழே வைத்தாள். மனைவியின் கால்வலியைக் கண் கலங்கச் சொன்ன ஒரு முதலாளியை அவள் இதுவரை பார்த்ததில்லை.

செலவை ஏற்றுக்கொள்ளலாம் என்று எழுதினாள். பிறகு ஒரு படிவத்தை நீட்டினாள்.

“சம்பளம் முழுசா கிடைச்சதுன்னு அவங்க இதுல கையெழுத்துப் போடணும். ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்க. இல்லாட்டி செல்லாது.”

ஆண்டியப்பன் கடைக்குத் திரும்பவில்லை. பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினார்.

மனைவி சீதாலெட்சுமி அங்கே தன் அண்ணன் வீட்டுக்குப் போய் எட்டு மாதமாகிறது. சம்பளச் சீட்டு வந்த அன்று, “இந்தக் காசு எங்கங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து கடையில் அவர் தனி ஆள்.

படிவத்தை வாங்கிய சீதாலெட்சுமி வாசலில் நின்றபடியே நிதானமாக வாசித்தாள்.

“முழுசா கிடைச்சதுன்னு போட்டிருக்கே,” என்றாள்.

கையை நீட்டினாள்.

அவர் அவசரமாகப் பேனாவைக் கொடுத்தார்.

பேனாவை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு, மறுபடியும் கையை நீட்டினாள்.