கதவுக்கு உள்ளே

எங்கள் நாய்க்குப் பயந்தாங்கொள்ளி என்ற பெயரே நிலைத்துவிட்டது. அழைப்புமணி அடித்தாலே கட்டிலுக்கடியில் போய் நடுங்கும். அதன் வயிற்றுக் கட்டியை அகற்றும் நாளில், ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டு அது மயங்கும்வரை தலையைத் தடவிப் பேசிக்கொண்டே இருந்தேன். பிறகு நர்ஸ் என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். கணவரின் கையை இறுகப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஒருவழியாக டாக்டர் வெளியே வந்தார்.

"பிழைச்சுட்டான். பக்கத்துல நின்னு ரத்தம் கசியறதை நீங்க காட்டலைன்னா நான் கவனிச்சிருக்கவே மாட்டேன்மா."

"நானா? நான் வெளியிலதானே இருந்தேன், டாக்டர்!"

கணவரும் தலையாட்டினார். டாக்டரின் முகம் வெளுத்தது.

அவருக்குப் பின்னால், அந்த அறைக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

"எழுந்திருக்காதேடா கண்ணா, தையல் பிரிஞ்சிடும்."

மேசையில் வால் மெல்லத் தட்டுகிற சத்தமும் கேட்டது.