இருபத்திரண்டு மில்லிமீட்டர்

குப்பைமேனி இலையை இரண்டு வருடம் தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்தும் ஒரு கிருமிகூடச் சாகாமல், எஸ்தர் அதைக் கைவிட்டிருந்தாள். ஆய்வகத்துக்கு வந்து ஆறே மாதமான மங்கையர்க்கரசி அதே இலையை ஆல்கஹாலில் ஊறவைத்தாள். மகளுக்குக் காய்ச்சல் என்று அவள் வராத காலையில், கிருமி வளர்த்த சோதனைத் தட்டைப் பார்த்துச் சொல்லும் வேலை எஸ்தருக்கு வந்தது.

எஸ்தர் இன்குபேட்டரைத் திறந்து தட்டை வெளியே எடுத்தாள். தட்டு முழுக்கக் கிருமிகள் பாலாடைபோல் படர்ந்திருக்க, இலைச்சாற்றில் தோய்த்த காகித வில்லையைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காமல் வட்டமாகத் தெளிந்திருந்தது. வட்டத்தின் குறுக்கே ஸ்கேலை வைத்தாள். இருபத்திரண்டு மில்லிமீட்டர். குறையாதா என்று திருப்பி வைத்தாள், அதேதான். தனக்கு வராதது இவளுக்கு மட்டும் ஏன் வரவேண்டும்?

போன் அடித்தது. "அக்கா, ஏதாச்சும் வந்திருக்கா?"

"ஒம்போது," என்றாள் எஸ்தர். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று உறைத்தது.

மறுமுனையில் விசும்பல் கேட்டது. "ஒம்போதாக்கா? நெஜமாவா? ஒண்ணுமே இருக்காதுன்னு பயந்துட்டே இருந்தேன். நீங்க ரெண்டு வருஷம் பாடுபட்டதாலதான் தண்ணி சரிவராதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. ஆராய்ச்சிப் பேப்பர்ல உங்க பேரும் போடணும்க்கா."

எஸ்தரின் பார்வை மறுபடி அந்த வட்டத்துக்குப் போனது.

"நீங்க பாத்தாப் போதும். நோட்டுல எழுதிட்டு, தட்டை அழிச்சிடுங்கக்கா."

நோட்டு திறந்து கிடந்தது. எஸ்தர் தட்டைக் கீழே வைக்கவில்லை, பேனாவையும் எடுக்கவில்லை.

"மங்கை," என்றாள், "போனை வச்சிடாத."