பச்சை ஸ்டிக்கர்

“பச்சைன்னா போலாம்னு நெனச்சுட்டியாம்மா?”

சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேசைமேல் விரித்திருந்த அட்டையில் இருபது மாதங்கள் கட்டம் கட்டமாக இருந்தன. மாதவிலக்கு நாளுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், கரு தங்காத நாளுக்குப் பச்சை, கரு தங்கக்கூடிய நாளுக்குக் குழந்தைப் படம் போட்ட வெள்ளை. கணவனும் மனைவியும் சேர்ந்த நாளில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

பெருக்கல் குறிகள் அத்தனையும் பச்சையில் இருந்தன. குழந்தைப் படத்தின் மேல் ஒன்றுகூட இல்லை.

“இது ரோட்டு சிக்னல் இல்லம்மா. இந்தப் பச்சையில எத்தனை வருஷம் போனாலும் ஊர் வந்து சேராது.”

மருமகள் ஜெபப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். ஒரே ஒரு மாடி ஏறி வந்ததற்கே அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவள் சொல்ல வேண்டிய பதிலையும் வழக்கம்போல மாமியாரே சொன்னார்.

“ஒரு புனிதர் விடாம ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொல்லிட்டேன் சிஸ்டர். கடைசியில கோளாறு கலர்லயா?”

சிஸ்டர் இந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. குழந்தை இல்லாதவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அறை இது. முன்பிருந்த வயதான சிஸ்டர், இந்த ஃபைலின் மூலையில் ‘பெண்ணைத் தனியாகப் பார்க்கவும்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

தனியாகப் பார்க்கத்தான் இவரும் நினைத்தார். ஆனால் மருமகள் உள்ளே வருவதற்குள் மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கூச்ச சுபாவம், அதற்காக எழுதியிருப்பார்கள் என்று சிஸ்டரும் விட்டுவிட்டார்.

“டெஸ்ட் டியூபெல்லாம் நமக்குக் கூடாதுன்னு ஃபாதரே சொல்லிட்டார். இந்த அட்டைய விட்டா எங்களுக்கு வேற கதி இல்ல” என்றார் மாமியார். “என் பையன் ஒரு அப்பாவி. இவ எந்த நாள் சொல்றாளோ அந்த நாள்தான். ‘சிஸ்டர் சொல்லிக் குடுத்த கணக்கு’ன்னு இவ சொன்னா வாயத் தொறக்க மாட்டான்.”

“யார் மேலயும் தப்பில்லம்மா. பாவம், கலரை மாத்திப் புரிஞ்சுக்கிட்டா.” சிஸ்டர் பென்சிலை எடுத்து இன்றைய தேதியில் வைத்தார். “இருபது மாசமும் நாள் பிசகாம வருது. இன்னிக்குப் பச்சை. நாளையிலேர்ந்து ஆறு நாள் வெள்ளை. இந்த ஆறு நாளை விடவே கூடாது.”

“சிஸ்டர், நான்...” என்று மருமகள் வாயெடுத்தாள்.

“நீ சும்மா இரு. நீ படிச்ச லட்சணம் போதும்.” மாமியார் அட்டையை மடித்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். “இனிமே இது என் தலையணைக்கு அடியில இருக்கும். எந்த நாள்னு என் பையன்கிட்ட நானே சொல்லிக்கறேன். எனக்கு என்ன வெக்கம்?”

ஜிப் மூடிய சத்தத்தில் மருமகளின் முகம் வெளிறிப்போனது. அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார் சிஸ்டர்.

“நான் போய் அவனை வண்டிய எடுக்கச் சொல்றேன். நீ மெதுவா வா. நீதான் ரெண்டு படிக்கு ஒரு தடவை நிப்பியே.” மாமியார் விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

வந்த ஒன்பதாம் நாளே ஒரு வீட்டில் தொட்டில் கட்ட வழி செய்துவிட்டோம் என்று சிஸ்டருக்கு உள்ளுக்குள் பெருமை. “அடுத்த மாசம் நல்ல சேதியோட வா” என்றார்.

மருமகள் எழுந்திருக்கவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “பழைய சிஸ்டர் என்னைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?”

“தனியாப் பாக்கச் சொல்லி எழுதியிருந்தாங்க. ஏம்மா?”

அவள் ஜெபப் புத்தகத்தைப் பிரித்து, நடுவிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். மடிப்புகள் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.

“இது அவர் வீட்டுல யாருக்கும் தெரியாது சிஸ்டர். எங்கப்பா மறைச்சுக் கட்டிக்குடுத்துட்டார். இப்ப சொன்னா, ஏமாத்தி நடந்த கல்யாணம் செல்லாதுன்னு அத்தை மாதா கோயில்லயே எழுதிக் குடுத்துப் பிரிச்சுடுவாங்க. அவரை விட்டுட்டு நான் எங்க போவேன்?”

அது இதய டாக்டர் ஒருவரின் கடிதம். கல்யாணத்துக்கு முந்தைய வருடத் தேதி. கடைசி வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது: கருவுற்றால் தாய் உயிர் பிழைப்பது கடினம்.

ஜன்னலுக்குக் கீழே, வண்டி நிற்கும் இடத்திலிருந்து மாமியாரின் குரல் தெளிவாகக் கேட்டது. “நாளையிலேர்ந்து ஆறு நாள்டா. லீவு சொல்லிடு.”

சிஸ்டர் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“நான் பச்சையைத் தப்பாப் புரிஞ்சுக்கல சிஸ்டர்.”