எல்லாம் சரி, மனைவி மட்டும் தப்பு

"இவ என் பொண்டாட்டியே இல்ல!" என்று படுக்கையிலிருந்து கத்தினார் கிரஸ்தியோ.

நர்ஸ் நெவேனா குறிப்பேட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கிரஸ்தியோவுக்கு இதய பைபாஸ் முடிந்து அன்று இரண்டாம் நாள். இந்த வயதில், இந்த ஆபரேஷனுக்குப் பிறகு, சிலருக்குப் புத்தி குழம்பிவிடும். குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடப் பார்ப்பார்கள். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் ப்ளோவ்திவ் நகர ஆஸ்பத்திரியில் நெவேனாவின் வேலை. கண்ணாடியை மாட்டிவிடுவாள், காது மெஷினைச் செருகுவாள், திரையை விலக்கி வெயிலை உள்ளே விடுவாள். எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டு மனுஷர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

"நல்லா பாருங்க ஐயா. இவங்க யாரு?"

"ராய்னா."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்! எனக்குக் கல்யாணமே ஆகல!"

ராய்னா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். "முப்பது வருஷம் சிஸ்டர்! இவர் இருமறதைக் கேட்டுக்கிட்டேதான் தினம் தூங்கறேன்."

நெவேனா அவள் தோளைத் தட்டிவிட்டு மற்ற கேள்விகளுக்குப் போனாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியில. வேற எங்க இப்படி உப்பில்லாம சோறு போடுவாங்க?"

"பிரதமர் யாரு?"

"காலையில இருந்தவரா, சாயங்காலம் வரப்போறவரா?"

அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தாள்.

டாக்டர் திமோவ் தாடையைச் சொறிந்தார். "எல்லாம் சரி, மனைவி மட்டும் தப்பு. இப்படி ஒரு கேஸை நான் பார்த்ததே இல்ல. நாளைக்கும் இதையே சொன்னா மூளை டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான்."

"ஒரே ஒரு நாள் விடுங்க டாக்டர்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் ராய்னா.

"ஏங்க, உங்க பூனை ரெண்டு நாளா சரியா சாப்பிடல. தக்காளிச் செடிக்குத் தண்ணி ஊத்தினேன். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுது, அப்பவே மாத்தச் சொன்னேன்ல?"

"என் வீட்டுக் குழாயைப் பத்தி உனக்கென்ன?"

"வாயைத் திறங்க. சூப் ஆறுது."

பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க யாரும் வருவதில்லை. அவர் சலைன் பாட்டில் தொங்கிய கம்பியிடம் வார்னா ஊருக்கு ஒரு டிக்கெட் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓர இருக்கைதான் வேண்டுமாம்.

கிரஸ்தியோ அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

மறுநாள் காலை நெவேனா கேட்டாள். "ஐயா, இவங்க யாரு?"

அவர் தொண்டையைச் செருமினார். "என்... என் மனைவி."

நெவேனா கைதட்டியே விட்டாள். டாக்டர் திமோவ் மாணவர்களை அழைத்துவந்து படுக்கையைச் சுற்றி நிறுத்தினார். "பாருங்க, ஒரு மாத்திரை கிடையாது. பொண்டாட்டி பேச்சிலேயே புத்தி தெளிஞ்சிடுச்சு!" மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். படிவம் நிரப்புவதற்காக இரண்டு பேரின் அடையாள அட்டைகளையும் வாங்கிய நெவேனா, ஒரு முறை படித்தாள். மறுபடியும் படித்தாள். குடும்பப் பெயர் வேறு. ஒரே கட்டடம், ஒரே மாடி, கதவு எண் மட்டும் பதினொன்று, பன்னிரண்டு.

"நீங்க... பக்கத்து வீடா?"

ராய்னா தலையைக் குனிந்துகொண்டாள். "குடும்பத்து ஆளைத்தான் உள்ள விடுவோம்னு வாசல்ல சொன்னாங்க. இவருக்கு வேற யாருமில்ல."

"அப்போ முதல் நாள் இவர் கத்தினது?"

"இந்த வார்டிலேயே தெளிவா இருந்தது இவர் ஒருத்தர்தான் சிஸ்டர்."

முகம் சிவக்க, நெவேனா பேனாவை எடுத்து, படிவத்தில் 'மனைவி' என்றிருந்ததை அடிக்கப் போனாள்.

கிரஸ்தியோ அதன்மேல் கையை வைத்து மறைத்தார். "அதை மட்டும் திருத்தாதீங்க சிஸ்டர்."